நைந்த நாணும் நம்பிய கையும்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரை வழியே செல்வோர் ஒலுவில், கோளாவில், தம்பிலுவில், பொத்துவில் என்னும் ஊர்களைக் கடந்து செல்வர். இப்பெயர்களின் இறுதியிலே நிற்கும் "வில்" என்னும் சொல்லைக் கேட்ட புதியவர் சிலர், முன்னொரு காலத்தில் வில்லாளர் வாழ்ந்த ஊர்கள் போலும் இவை என எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது. கிழக்கிலங்கை வழக்கிலே வில், வில்லு என்பன நீர் தேங்கி நிற்கும் தாழ்நிலத்தைக் குறிப்பன. ஆயினும் எய்கின்ற வில்லும் இக்கரைக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கரையோரத்து வயல்வெளி முடியுமிடத்தில் மேற்கே தொடங்கிய பெருங்காட்டில், வில்லும் அம்புமே துணையாகக் கொண்டு வேடர் வாழ்ந்தனர். அவர்களுடைய வேட்டைப் பொருளும் தேனும் கரைக்கு வந்தன. கரையின் உப்பும் கருவாடும் துணியும் உள்நாட்டுக்குச் சென்றன.

நேயர்களே, வில்லின் பெருமையைப் பேசியோர் பலர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வில் அன்று, வில்லின் நாண். அதிலும், தேய்ந்துபோன நாணை எப்போது மாற்றுவது என்னும் ஒரு சிறு வினா. வினா சிறிதாயினும் அதற்கு விடை தவறியோர் வேட்டையை இழந்தனர், போரை இழந்தனர், சில வேளைகளிற் கண்ணையும் உயிரையும் இழந்தனர். வில் வழக்கொழிந்த பின்னரும் அவ்வினா ஒழியவில்லை. அது கரைவலைக் கயிற்றிலும் கைத்தறிக் கயிற்றிலும் ஏறிக்கொண்டு இன்றும் நம் கடற்கரையிலே உலவுகின்றது.

நூதனசாலைகளுக்குச் சென்று பார்ப்போர்க்கு ஓருண்மை புலனாகும். அங்கே பழைய விற்கள் உள்ளன. அம்பு முனைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நாண்களோ அரிதினும் அரிது. சீன தேசத்துச் சின் பேரரசனுடைய கல்லறைக்கு அருகே 1974 ஆம் ஆண்டு சுடுமண் வீரர் படையொன்று வெளிப்பட்டது. அவ்வீரரின் குறுக்குவிற்களுக்குரிய வெண்கல விசைகள் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கெடாதிருந்தன. ஆனால் அவ்விசைகள் பற்றி நிறுத்திய நாண்கள் மக்கி மறைந்துவிட்டன. இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் "மேரி ரோஸ்" என்னும் போர்க்கப்பல் 1545 ஆம் ஆண்டு கடலில் மூழ்கி, 1982 ஆம் ஆண்டு மேலே எடுக்கப்பட்டது. அதிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட முழு விற்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. நாண் ஒன்றேனும் கிடைக்கவில்லை. அல்ப்ஸ் மலையின் பனிக்கட்டிக்குள்ளே 1991 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முந்திய மனிதனொருவனுடைய அம்புக்கூட்டில், விலங்கின் தசைநாரை முறுக்கிச் செய்த கயிறொன்று இருந்தது. உலகிலே இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய வில்நாண் அதுவே என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பனி காத்தமையால் அஃது எஞ்சியது. மற்றவை யாவும் அழிந்தன.

அழிவது நாணின் இயல்பு. ஆதலின் மாற்றப்படுவதும் அதன் இயல்பு. ஒரு வில் தன் வாழ்நாளிற் பல நாண்களைக் காணும். வில்லைத் தந்தை மகனுக்கு விட்டுச் செல்லலாம். நாணை அவ்வாறு விட்டுச் செல்லல் ஆகாது. அவன் விட்டுச் செல்லக்கூடியது, நாண் எப்போது நைந்தது என அறியும் அறிவு ஒன்றே. அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படவில்லை. கையிலிருந்து கைக்கு வந்தது. ஆதலின் அதுவும் நாணைப் போலவே மறைந்துபோகும் தன்மையது.

நாண் என்னும் சொல் தமிழிலே ஞாண் எனவும் வழங்கும். இடையிற் கட்டும் கயிற்றை அரைஞாண் என்கின்றோம். வில்லின் நாணுக்கு எத்தகைய பொருள்கள் ஏற்றவை என்பதைப் பழைய நூல்கள் சில தெரிவிக்கின்றன. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் எருக்கு, சணல், மூங்கில், விலங்கின் நரம்பு முதலியவற்றையும், மூர்வை என்னும் செடியின் நாரையும் நாணுக்குரியனவாக எண்ணிச் சொல்கின்றது. அவற்றுள் எருக்கு நம் கடற்கரை மணலிலே தானாக வளர்வது. அதன் தண்டை உரித்து எடுக்கும் நார் வெண்மையும் மென்மையும் வாய்ந்தது. ஆனால் எளிதில் அறாதது. இந்தியாவிலே தூண்டில் நூலுக்கும் வலைக்கும் வில்நாணுக்கும் எருக்கநார் பயன்பட்டது. உலர்வலயப் பற்றைக் காடுகளில் வாள் போன்ற தடித்த இலையோடு வளரும் மருள் என்பதும் அத்தகையதே. ஐரோப்பியர் அச்செடிக்கு வில்நாண் சணல் என்றே பெயரிட்டனர். சிங்கள மக்கள் அதனை நியந்த என்பர். அதன் நாரைக் கொண்டு பாய் முடைதலும் கயிறு திரித்தலும் அவர்களிடையே வழங்கிய தொழில்கள்.

1660 ஆம் ஆண்டு கொட்டியாரக் கரையிலே சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே வேடரைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். அம்பு முனை வேண்டிய வேடர், இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து, இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய முனையின் வடிவை இலையில் வெட்டி வைத்துச் செல்வராம். கொல்லன் அவ்வாறே முனை செய்து வைத்தால் பின்னரும் இறைச்சி கிடைக்கும். இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரும்பு முனைக்கு வேடர் பிறரை நாடினர். நாணுக்கு எவரையும் நாடவில்லை. அதனை மரப்பட்டை நாரை முறுக்கித் தாமே செய்துகொண்டனர். தானே திரித்த கயிற்றின் குற்றங் குறைகளைத் திரித்தவனே நன்கறிவான். எந்த முறுக்குத் தளர்ந்தது, எந்த இடத்தில் நார் மெலிந்தது என்பது அவன் விரலுக்குத் தெரியும். கடையில் வாங்கிய கயிற்றை நம்பி வாழ்வோர்க்கு அவ்வசதி இல்லை.

இனி, நாணின் தேய்வு மிகக் கடுமையாக வெளிப்படும் கருவியைக் காண்போம். அது குறுக்குவில். சாதாரண வில்லைக் கையாற் பிடித்துக் கையாலே இழுத்து விடுவர். குறுக்குவில்லிலோ வில் ஒரு மரத்தண்டின் முனையிலே குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். நாணைப் பின்னே இழுத்து ஒரு கொளுவியிலே மாட்டிவிட்டால் அஃது அங்கேயே நிற்கும். வேண்டிய பொழுது விசையைத் தட்ட, நாண் விடுபட்டு அம்பைச் செலுத்தும். சீனர் இதனைக் கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே போரிற் பயன்படுத்தினர். தமிழிலே சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளைச் சொல்லுமிடத்து, தானே வளைந்து எய்யும் விற்பொறியையும் ஒன்றாகக் கூறுகின்றது. இலங்கையை எடுத்துக்கொண்டால், இரண்டாம் பராக்கிரமபாகு ஆட்சியிலே 1247 ஆம் ஆண்டளவிற் சந்திரபானு என்பவன் சாவகப் படையொடு வந்து இறங்கினான். அப்படையினர் நஞ்சு தோய்ந்த அம்புகளைப் பொறியொன்றாற் செலுத்தினர் எனச் சூளவமிசம் கூறுகின்றது. அப்பொறி குறுக்குவில்லா, ஊதுகுழலா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இசுலாமிய உலகிலும் வில்வித்தை உயர்ந்த இடம் பெற்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்பெய்தலைப் பயிலுமாறு ஊக்குவித்தமையால், பிற்காலத்து அறிஞர் அதனை ஒரு நற்பணியாகவே கருதிக் கற்றனர், கற்பித்தனர், நூல் எழுதினர். சுல்தான் சலாஹுத்தீன் காலத்திலே, 12 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முர்தா அத்தர்சூசி என்பார் அவருக்காக எழுதிய படைக்கல நூலில் குறுக்குவில் வகைகள் பலவற்றை விளக்கியுள்ளார். மம்லூக்கியர் காலத்து வில்நூல்கள் பட்டாலும் தோலாலும் செய்த நாண்களைப் பற்றித் தனியே பேசுகின்றன. வில்லைச் சொல்லும் நூல், நாணையும் சொல்லாமல் விடவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்து சமுத்திரத்தில் நுழைந்த போர்த்துக்கேயரின் கப்பல்களில், துப்பாக்கி ஏந்தியோரோடு குறுக்குவில் ஏந்தியோரும் இருந்தனர். அக்கப்பல்கள் 1505 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தன. ஆனால் குறுக்குவில்லின் காலம் அப்பொழுதே முடிந்துகொண்டிருந்தது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபொழுது, கண்டி மன்னன் செனரத் 1626 ஆம் ஆண்டளவில் அவர்களுள் ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான். 1628 இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலே கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இந்நிகழ்ச்சிகளிலே பேசியது பீரங்கி, குறுக்குவில் அன்று. எனினும் குறுக்குவில் உலகத்துக்குக் கற்பித்துச் சென்ற பாடம் பீரங்கி முழக்கத்திலும் அழியவில்லை.

அப்பாடம் யாது? குறுக்குவில்லின் நாண் மிகப் பெரும் பளுவை மிகக் குறுகிய தூரத்திலே தாங்கவேண்டும். 1903 ஆம் ஆண்டு குறுக்குவில்லைப் பற்றிப் பெருநூல் எழுதிய சேர் றால்ஃப் பெயின்-கால்வே என்பவர், பதினைந்தாம் நூற்றாண்டுக்குரிய எஃகு வில்லொன்றைப் பழுது பார்த்து எய்து சோதித்தார். அதன் நாணைக் கொளுவிவரை இழுக்க ஏறக்குறைய 1,200 இறாத்தல் விசை வேண்டியிருந்தது. நாண் சென்ற தூரமோ ஏழு அங்குலமே. அவ்வில் அம்பைக் கால் மைல் தூரத்துக்கு எறிந்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டு மூத்த வில், புதிய நாண் கிடைத்தவுடன் மீண்டும் தொழில் செய்தது! வில்லுக்கும் நாணுக்கும் உள்ள ஆயுள் வேற்றுமையை விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அத்தகைய நாண் அறுந்தால் நேர்வது என்ன? வளைந்த வில்லிலே தேங்கி நிற்கும் வலி, இயல்பாக அம்பினிடம் சென்று சேரவேண்டியது. நாண் இடையில் அறுந்தால் அவ்வலிக்குப் போகுமிடம் இல்லை. வில்லின் இரு கரங்களும் தடையின்றி முன்னே பாய்கின்றன. வில் தானே தன்னை முறித்துக்கொள்கின்றது. அறுந்த நாணின் நுனி சாட்டைபோல வீசி எய்பவன் முகத்தைத் தாக்கவும் கூடும். சில சதத்துக்குப் பெறக்கூடிய நாணைச் சேமிக்க எண்ணியவன், பெரும் பொருள் கொடுத்து வாங்கிய வில்லையும் தன் கண்ணையும் பணயம் வைக்கின்றான்.

மேரி ரோஸ் கப்பல் மூழ்கிய அதே 1545 ஆம் ஆண்டிலே, றோஜர் அஸ்கம் என்னும் ஆங்கில அறிஞர் வில்வித்தையைப் பற்றி "டொக்சோபிலஸ்" என்னும் நூலை வெளியிட்டார். நல்ல விற்கள் பல முறிந்தமைக்குத் தீய நாணே முதற்காரணம் என்பது அவர் கருத்து. வில் செய்வோரையும் அம்பு செய்வோரையும் விட நாண் திரிப்போரையே அதிகாரிகள் கூர்ந்து கவனிக்கவேண்டும். ஏனெனில் நாணிலே செய்த வஞ்சகம் வாங்குவோன் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது என்றும் அவர் கூறினார். தடித்த நாண் பாதுகாப்பானது, மெல்லிய நாண் விரைவானது என்னும் வேற்றுமையையும் அவர் அறிந்திருந்தார். விரைவை விரும்பியவன் அடிக்கடி நாணைச் சோதிக்கவேண்டும் என்பது அதன் உட்கிடை.

ஈரத்தாலும் நாண் கெடும். 1346 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26 ஆம் நாள் பிரான்சிலே கிரெசி என்னுமிடத்தில் நடந்த போரிலே, பிரெஞ்சு மன்னனுக்காகப் போரிட்ட ஜெனோவா நகரத்துக் குறுக்குவில்லாளர் தோல்வியுற்றனர். போருக்குச் சற்று முன் பெய்த மழையில் அவர்கள் நாண்கள் நனைந்து தளர்ந்தன என்றும், ஆங்கிலேய வில்லாளர் தம் நாண்களைக் கழற்றி ஈரம் படாமற் காத்தனர் என்றும் பழைய வரலாறு ஒன்று கூறும். மெழுகூட்டிய தடித்த நாண் ஒரு மழைக்குத் தளராது எனப் பிற்காலத்தார் சிலர் ஐயுற்றனர். களைப்பும், கேடயங்கள் வந்து சேராமையும், ஆங்கிலேயர் விற்களின் வேகமும் அத்தோல்விக்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. புதிதாய் மெழுகூட்டிய நாண் மழையைத் தாங்கும். நார் விரிந்து மெழுகு வறண்ட நாண் தாங்காது. மழை எல்லா நாணையும் ஒருபடித்தாகக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே நைந்ததையே முதலிற் கண்டுபிடிக்கின்றது.

நாண் நைந்ததை அறிவது எவ்வாறு? வில்லோடு பழகியோர் காட்டும் அடையாளங்களைச் சுருக்கிச் சொல்லலாம். முதலாவது, நாணின் மேற்பரப்பிலே மயிர் போன்ற சிலும்பு எழுதல். அஃது இழைகள் உள்ளே அறத் தொடங்கியதன் அறிகுறி. சிறு சிலும்பாயின் தேன்மெழுகை ஊட்டிக் கையாலே தேய்த்தால் அடங்கும். மெழுகூட்டியும் அடங்காமல் மீண்டும் மீண்டும் எழுமாயின் நாணின் நாள் நெருங்கிவிட்டது என்க. இரண்டாவது, நாணின் நடுப்பகுதியிற் சுற்றியுள்ள காப்புநூல் விலகுதல். குறுக்குவில்லிலே கொளுவி பற்றுவதும் தண்டின் மேல் உராய்வதும் அப்பகுதியே. காப்புநூல் மட்டும் கெட்டிருந்தால் அதனை மறுபடி சுற்றலாம். அதன் கீழுள்ள இழை வெட்டுண்டிருந்தால் சுற்றிப் பயனில்லை. மூன்றாவது, விற்குதையிலே மாட்டும் இரு கண்ணிகளின் தேய்வு. பலரும் நடுவைப் பார்ப்பர், கண்ணியைப் பாரார். அறுவது பெரும்பாலும் பார்க்காத இடத்திலே. நான்காவது, நாண் நீளுதல். முன்னிருந்த இறுக்கம் குறைந்து, வில்லுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட வெளி சுருங்கி, எய்யும் ஒலியும் மாறிவிடும். ஐந்தாவது, அம்பில்லாமல் வெறுநாண் விடுபட நேர்தல். ஒருமுறை அவ்வாறு நேர்ந்தாலும் நாணையும் வில்லையும் முழுதும் ஆராய்ந்த பின்னரே மறுபடி எய்தல் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, ஓர் இழை முழுதாக அறுந்ததைக் கண்டால் ஆராய்ச்சிக்கே இடமில்லை. அந்நாண் அன்றே கழற்றப்படவேண்டும்.

அப்படியாயின், தினந்தோறும் புதிய நாண் மாற்றிவிடலாமே எனச் சிலர் கேட்கலாம். அதுவும் அறிவன்று. புதிய நாண் முதற் சில எய்தல்களில் நீண்டுகொண்டே இருக்கும், குறி தவறும். ஆதலால் தேர்ந்த வில்லாளன் மாற்று நாணை முன்னரே வில்லிலேற்றிப் பழக்கிக் கழற்றிப் பையிலே வைத்திருப்பான். பழைய நாண் ஐயந் தரும் நாளிலே, பழகிய புதிய நாண் அவன் கையில் ஆயத்தமாயிருக்கும். இதிலே மனித மனத்தின் இயல்பொன்றும் அடங்கியுள்ளது. மாற்று நாண் கையிலுள்ளவன் பழைய நாணை உள்ளவாறு பார்க்கின்றான்; மாற்று நாண் இல்லாதவன் அதனைத் தான் விரும்பியவாறு பார்க்கின்றான். "இன்னும் ஒரு நாள் தாங்கும்" என்பது பெரும்பாலும் நாணைப் பற்றிய மதிப்பீடன்று. பையின் வறுமை பேசும் பேச்சு.

இப்பொழுது நம் கடற்கரைக்கு வருவோம். வாடைக் காலத்துச் சீற்றம் தணிந்து கடல் அமைதியுற்றதும், கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளிலே கரைவலை இழுப்பதைக் காண்கின்றோம். தோணி வலையைக் கடலிலே வளைத்து இட்டுவர, கரையில் இரு பக்கமும் மனிதர் வரிசையாக நின்று கயிற்றைப் பற்றி இழுப்பர். அக்கயிறும் ஒரு நாணே. கடல் ஒரு புறம் இழுக்க, கரை மறுபுறம் இழுக்க, இடையிலே பல குடும்பங்களின் அன்றைய உணவு தொங்குகின்றது. வலை கரையை அணுகும் கடைசி வேளையிலேதான் மடியின் பாரம் முழுதும் கயிற்றில் ஏறும். அவ்வேளையிற் கயிறு அறுந்தால் மீன் மட்டுமா போகும்? காலூன்றிப் பின்சாய்ந்து இழுத்தோர் ஒருவர்மேல் ஒருவராக விழுவர்.

முன்னாளிலே அக்கயிறு தென்னந்தும்பால் ஆனது. தும்புக்கயிறு வலிமையிற் குறைந்ததாயினும் உவர்நீரை நெடுநாள் தாங்கும், நீரில் மிதக்கும், இழுக்க நெகிழ்ந்து கொடுக்கும். நூல்வலைகளுக்குப் பனிச்சங்காய்ச் சாற்றை ஏற்றி அழுகாமற் காத்தனர். மட்டக்களப்புப் பக்கத்திலே பனிச்சங்கேணி, பனிச்சையடி என ஊர்ப்பெயர்களிலும் நிலைத்த மரம் அது. தும்பும் நூலும் மூப்படையுமுன் சொல்லிவிடும். முறுக்கு விரியும், நிறம் கறுக்கும், மக்கிய மணம் வீசும், கையால் திருகினால் நார் பொடியும். வில்நாணை அறிந்த கைக்கு அக்கயிறும் அறிந்த பொருளே.

1950 களின் பிற்பகுதியிலும் 1960 களிலும் நைலோன் நூலும், அதனைத் தொடர்ந்து பிற செயற்கை இழைகளும் இலங்கைக் கரைகளுக்கு வந்தன. அவை அழுகுவதில்லை, இலேசானவை, வலிமை மிக்கவை. அவற்றால் மீனவர்க்கு விளைந்த நன்மை பெரிது. ஆயினும் அவை மூப்படையும் முறை வேறு. அவற்றை அரிப்பது ஈரமன்று, வெயில். கரையிலே திறந்த வெளியிற் குவித்து வைத்த பொலிப்புரோப்பிலீன் கயிறு, மாதக்கணக்கான வெயிலில் உள்ளுரம் இழக்கும். நிறம் மங்கி, மேற்பரப்பில் வெண்பொடி தோன்றி, வளைத்தால் விறைப்பாகி, கையிலே முள்ளாய்க் குத்தும். மக்கிய மணம் இராது. கறுப்பு நிறம் இராது. பழைய அடையாளங்களைத் தேடும் கண் அதனை நல்ல கயிறு என்றே எண்ணும். நைலோனோ மிகுதியாக நீண்டு வலியைத் தன்னுட் தேக்கி வைப்பது. ஆதலின் அஃது அறுந்தால் தும்புக்கயிற்றைப் போலத் துவண்டு விழாது. குறுக்குவில்லின் நாண் போலச் சாட்டையாய்த் திரும்பி வீசும். கப்பல் துறைகளிலே அவ்வீச்சினால் மாண்டோரும் உறுப்பிழந்தோரும் உண்டு. ஆதலால் இறுகிய செயற்கைக் கயிற்றின் நேர் கோட்டிலே ஒருவரும் நிற்கலாகாது என்பது உலகெங்கும் கடற்றொழிலாளர்க்குச் சொல்லப்படும் முதல் எச்சரிக்கை.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களை அம்பாறை மாவட்டக் கரையிலேயே கொண்டது. மருதமுனை முதலாகக் கரையூர்கள் பல சிதைந்தன. தோணியும் வலையும் கயிறும் ஒருசேர அள்ளுண்டன. அதன்பின் வந்த தொழிற்கருவிகள் பெரும்பாலும் ஒரே காலத்திலே புதியனவாக வந்தன. ஒரே காலத்திற் பெற்ற கயிறுகள் ஒரே காலத்தில் மூப்படையும் என்பதை நாம் மறத்தலாகாது. சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும் பழைய ஒழுங்கு இருந்தபொழுது ஒரு கயிற்றின் கேடு மற்றதைப் பார்த்து அறியப்பட்டது. எல்லாம் புதியதாயிருக்கும் வேளையிலே சோதிக்கும் வழக்கம் சோர்ந்துவிடுகின்றது.

மருதமுனைக் கைத்தறியிலும் இதே பாடத்தைக் காணலாம். தறியிலே பாவு நூலை ஏற்றி இறக்கும் விழுதும், மிதியோடு பிணைத்த கயிறும், ஓடத்தை எறியும் கயிறும் நாள் முழுதும் உராய்வன. அவற்றுள் ஒன்று வேலையின் நடுவே அறுந்தால் உயிருக்குக் கேடு இல்லை; ஆனால் நெய்த சேலையிலே கோடு விழும்; அறுந்த பாவை முடிந்து சேர்க்க நேரம் செல்லும்; அன்றைய கூலி குறையும். 1977 ஆம் ஆண்டுக்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதித் துணிகள் மலிந்தபொழுது, கைத்தறியாளர் பலர் நெருக்கடிக்குள்ளாயினர். நெருக்கடியிலே முதலில் ஒத்திப்போடப்படுவது சிறு கயிற்றின் செலவே. ஒத்திப்போட்ட சிறு செலவு பழுதான துணியாக வந்து பெருஞ் செலவாகி நிற்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர் நம்மவர். தேய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. தேய்ந்து முடிந்ததே தெரியும்.

வில்லும் வலையும் தறியும் வேறு வேறு தொழில்கள். ஆயினும் இம்மூன்றிலும் பெருங்கருவியைத் தாங்குவது சிறு கயிறு. அக்கயிறே முதலில் மூப்படைவது. அதுவே கணக்கிற் கடைசியாக எழுதப்படுவது. பல வேளைகளில் தொழிலாளி அறியாமையால் அதனை மாற்றாதிருப்பதில்லை; மாற்றுவதற்கு வகையில்லாமையால் மாற்றாதிருக்கின்றான். பங்குமுறையிலே வலை இழுப்போனுக்குக் கயிறு சொந்தமன்று. அறுந்தால் விழுவதோ அவனே. ஆகவே கயிற்றைச் சோதிக்கும் அறிவு இழுப்போன் கையிலும், அதனை மாற்றும் பொருள் உடையோன் பையிலும் பிரிந்து கிடத்தலாகாது. சங்கமாகச் சேர்ந்து உழைப்போர் வலையின் வருவாயிலிருந்து கயிற்றுக்கென ஒரு சிறு பங்கை முதலிலேயே எடுத்து வைத்தல் இதற்கு எளிய வழி. வில்லாளனின் பையிலிருந்த மாற்று நாணுக்கு இன்றைய பெயர் அதுவே.

நாண் அறுந்த பின் அது நைந்திருந்தது என்பதை எவரும் சொல்வர். அறுவதற்கு முன் சொல்பவனே தொழிலறிந்தவன். அவன் சொல்லும் பொழுது நாண் இன்னும் முழுமையாகவே தோன்றும். வீண் செலவு என மற்றவர் நகைப்பர். அந்நகைப்பைப் பொறுத்துக்கொண்டு கயிற்றைக் கழற்றுபவன், எத்தனை விபத்துக்களைத் தடுத்தான் என்பதை எந்த வரலாறும் எழுதப்போவதில்லை. நேராத விபத்துக்கு ஏட்டில் இடமில்லை. எனினும் மாலையில் கரைவலை இழுத்து முடித்தோர் யாவரும் குறைவின்றி வீடு திரும்பும் நாளிலே, கயிற்றைப் பார்த்து மாற்றிய அந்தக் கைக்கும் அதிலே பங்குண்டு.